மூன்றாம் ஆண்டுப் பாடம்

சன்னலோரம் எனக்கு வேண்டாம், தம்பி. வீரவநல்லூர் வரை வெயில் அந்தப் பக்கம்தான் அடிக்கும். நீங்கள் இளையவர், தாங்குவீர்கள். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டீர்கள், நல்ல பழக்கம். பெரியவர் ஒருவர் அருகில் வந்து அமர்ந்தால் காதைத் திறந்து வைக்க வேண்டும் என்பது இப்போதெல்லாம் யாருக்குத் தெரிகிறது?

என் பேச்சு அச்சடித்தது போல இருக்கிறதே என்று பார்க்கிறீர்கள். தமிழாசிரியனாக இருந்தேன், பிறகு தலைமை ஆசிரியனாக ஓய்வு பெற்றேன். கொச்சை என் நாவில் ஏறாது. என் மனைவி என்னைக் காய்கறி வண்டிக்கு அனுப்புவதே இல்லை. ஒருமுறை வெண்டைக்காய்க்காரரிடம், "விலையைச் சற்றே குறைத்தருள்க" என்றேனாம். அவர் என்னைக் கும்பிட்டுவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாராம். அது கிடக்கட்டும்.

எங்கே பயணம் என்று கேட்கிறீர்கள். கேட்கவில்லையா? கேட்க நினைத்தீர்கள், உங்கள் முகத்தில் தெரிந்தது. திருநெல்வேலிக்கு மனுக் கொடுக்கப் போகிறேன். எங்கள் ஊர்ச் சிவன் கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் பதிக வகுப்பு நடக்கிறது. சிறுவர்களுக்கானது அன்று, வளர்ந்தவர்களுக்கானது. பணி முடித்து வீட்டில் இருப்பவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள், கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தவர்கள் வந்து, இறைவனைப் பண்ணோடு பாடக் கற்றுக்கொள்வதற்காக ஓர் அறக்கட்டளை நடத்தும் வகுப்பு. அதன் தலைவர் திருநெல்வேலியில் இருக்கிறார். ஆசிரியர் நான். 'இருந்தேன்' என்று சொல்லமாட்டேன். அவர் இன்னும் எழுத்தில் எதுவும் தரவில்லை.

வகுப்பை நான் எப்படி நடத்தினேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் எனக்கு இழைக்கப்பட்ட அநீதி உங்களுக்கு விளங்கும்.

காலையில் மணி அடிப்பேன். வருகைப் பதிவு எடுப்பேன். பெயரை அழைத்தால் எழுந்து நின்று "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வேண்டும். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்த ஒருவர், முதல் வாரம், அமர்ந்தபடியே கையை மட்டும் தூக்கினார். நான் அடுத்த பெயருக்குப் போகவில்லை. காத்திருந்தேன். அவர் தூணைப் பிடித்து எழுந்தார். முழங்கால் வலியாம். வலி முழங்காலுக்குத்தானே, மரியாதைக்கு இல்லையே என்றேன். அதற்கு அடுத்த வாரம் அவர் வரவில்லை. முழங்காலுக்கு மருத்துவம் பார்க்கப் போயிருப்பார்.

விடுப்பு வேண்டுமானால் கடிதம் தர வேண்டும். கடிதத்தில் வீட்டார் ஒருவர் கையொப்பமிட வேண்டும். தங்கபுஷ்பம் என்று ஓர் அம்மாள் இருக்கிறார். மருத்துவமனையில் தலைமைச் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கேட்டார்:

"சார்வாள், எனக்கு அறுவது தாண்டிட்டு. யாரு கையெழுத்துப் போடணும்ங்கிய?"

"வீட்டில் பொறுப்பானவர்."

"வீட்ல பொறுப்பான ஆளு நான் ஒருத்திதான்."

"அப்படியானால் மகனார் இடட்டும்."

அடுத்த முறை மகன் கையொப்பத்தோடு கடிதம் வந்தது. அதன் கீழே பேத்தி வண்ணப் பென்சிலில் ஒரு பூனை வரைந்திருந்தாள். பூனையோடு சேர்த்து அதைக் கோப்பில் வைத்தேன். ஒழுங்கு என்றால் அது எல்லாருக்கும் ஒன்றுதான்.

வளர்ந்தவர்களுக்குக் கற்பிப்பது தனிக் கலை என்று இப்போது சிலர் சொல்லித் திரிகிறார்கள். அதில் ஒரு சூட்சுமமும் இல்லை, தம்பி. வளர்ந்தவர் என்பவர் உயரம் கூடிய மாணாக்கர். கொஞ்சம் நரைத்திருப்பார், கொஞ்சம் வாயாடுவார். அவ்வளவே.

பாடத்திட்டமும் என்னுடையதுதான். முதலாண்டில் அமரும் முறை, மூச்சு, ஒலிப்பு. இரண்டாம் ஆண்டில் பண்களின் இலக்கணம். மூன்றாம் ஆண்டில் பாட்டு. ஆடியில் தொடங்கியபோது மண்டபம் கொள்ளாமல் இருந்தார்கள். ஐப்பசியில் தூணுக்கு ஒருவர் என்று ஆயிற்று. நான் கலங்கவில்லை. தகுதியற்றவர் தாமே விலகுவதும் திருவருள்தான்.

இதற்கிடையில்தான் ஆவுடையப்பன் வந்து சேர்ந்தார். சிமெண்டு வியாபாரி. பெருத்த உடம்பு, மெல்லிய குரல். அதற்கு முந்திய பங்குனியில் மனைவியை இழந்தவர். முதல் நாளே, மணி அடிப்பதற்கு முன்பே, என்னிடம் வந்து கைகட்டி நின்றார்.

"சார்வாள், எனக்கு ஒரே ஒரு பாட்டு போதும்."

"பாட்டு அன்று. பதிகம்."

"சரி, பதிகம். என் வீட்டுக்காரி கோமதி காலையில கோலம் போடும்போது பாடுவா. கல்யாணம் ஆன மறுநாள்லேர்ந்து கேக்கேன். மெட்டு அப்படியே எங்கிட்ட இருக்கு. வார்த்தைதான் இல்ல. அவ வார்த்தைய முழுங்கி முழுங்கிப் பாடுவா. என்ன பாட்டுன்னு ஒரு நாளு கேட்டிருக்கலாம். கேக்கல. வார பங்குனியில அவளுக்குத் தலைத்திதி. சாயந்தரம் கோயில்ல மோட்ச தீபம் ஏத்துதோம். தீபத்துக்கு முன்னாடி நின்னு நான் அதப் பாடணும் சார்வாள். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

எங்கே, முனகிக் காட்டுங்கள் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு முனகினார். இரண்டாம் அடி முடிவதற்குள் அது எந்தப் பதிகம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளைப் பருவத்திலிருந்து என் நாவில் இருக்கும் பதிகம். ஆனால் மெட்டு? அது தாலாட்டு. அந்த அம்மாளின் தாயார் தொட்டிலை ஆட்டிக்கொண்டே பாடியிருக்கிறார். மகள் அப்படியே பிடித்துக்கொண்டுவிட்டார். மேலேற வேண்டிய இடத்தில் எல்லாம் வழுக்கிக் கீழே இறங்குகிறது.

சொற்களை அப்போதே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். கொடுத்திருக்கலாம்தான். ஒரு தேநீர் ஆறுவதற்குள் எழுதி முடித்திருக்கலாம். அவ்வளவு எளிது என்பதால்தான் கொடுக்கவில்லை. கேட்டவுடன் கிடைப்பதை எவர் மதிப்பார்?

"அது மூன்றாம் ஆண்டுப் பாடம்" என்றேன்.

"மூணாம் வருசமா? தலைத்திதி இந்தப் பங்குனியில்லா சார்வாள்."

"திதி ஆண்டுதோறும் வரும். மூன்றாவது திதியன்று பிழையறப் பாடலாம். இப்போதைக்கு, கொண்டுவந்த மெட்டைச் செருப்போடு வெளியே விட்டுவிட்டு வாருங்கள்."

அவர் உண்மையாகவே திரும்பித் தம் செருப்பைப் பார்த்தார். வியாபாரிகளுக்கு உருவகம் எளிதில் பிடிபடுவதில்லை.

ஆனால் வந்தார். ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. 'ஆ' என்று நீட்டச் சொன்னால் நீட்டுவார். மூச்சை அடக்கச் சொன்னால் முகம் சிவக்க அடக்குவார். ஒவ்வொரு வாரமும் முடியும்போது, இன்றைக்காவது உண்டா என்று கண்ணால் கேட்பார். கண்ணுக்கு மறுமொழி சொல்லும் வழக்கம் எனக்கில்லை. ஒருநாள் மூச்சுப் பயிற்சியின் நடுவே அவரை அறியாமல் அந்தத் தாலாட்டை முனகிவிட்டார். பாடத்துக்குப் புறம்பான ஒலி வகுப்பில் கூடாது என்று சொல்லித் தூணோரம் நிற்க வைத்தேன். அவரது லாரி ஓட்டுநர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். பார்க்கட்டுமே. நல்ல முன்மாதிரி.

தையில் வந்தது வினை. அறக்கட்டளை ஒரு பயிற்சியாளரை அனுப்பியது. வினோதினி என்று பெயர். வயது முப்பதுக்குள் இருக்கும். வளர்ந்தோர் எப்படிக் கற்கிறார்கள் என்பதை ஆசிரியர்களுக்குச் சொல்லித் தருபவராம். ஆசிரியர்களுக்கு. அதாவது எனக்கு.

வந்தவுடன் வரிசையைக் கலைத்தார். எல்லாரும் வட்டமாக உட்காருங்கள் என்றார். நான் கேட்டேன், "அம்மையீர், வட்டத்தில் முன்வரிசை எது? கரும்பலகையை எங்கே வைப்பது?" அவர் சிரித்துக்கொண்டே, "கரும்பலகை இன்னைக்கு ரெஸ்ட் எடுக்கட்டும் ஐயா. நீங்களும் வாங்க, இங்க இடம் இருக்கு" என்றார். ஆவுடையப்பனுக்கும் தங்கபுஷ்பத்துக்கும் இடையில் ஓர் இடம். என் மாணாக்கரோடு தோளுரச. உட்கார்ந்தேன்; விருந்தினரை அவமதிக்கக் கூடாதே.

பிறகு ஒவ்வொருவரிடமும், "நீங்க ஏன் இந்த வகுப்புக்கு வந்தீங்க?" என்று கேட்டார். எவ்வளவு நயமற்ற கேள்வி பாருங்கள். நோயாளியிடம் போய், ஏன் மருத்துவமனைக்கு வந்தீர் என்று மருத்துவர் கேட்பாரா? கேட்பார் என்கிறீர்களா? சரி, அந்த எடுத்துக்காட்டை விடுங்கள்.

விடைகள்தான் என்னை உலுக்கின. வழக்கறிஞர் ஒருவர், மூச்சிரைப்புக்கு நல்லதென்று மருத்துவர் சொன்னதால் வந்தாராம். தங்கபுஷ்பம், "வீட்ல எல்லாரும் ஆளுக்கொரு போன வச்சிட்டு உக்காந்திருக்காங்க. மனுசக் குரல் கேக்கணும்னு வந்தேன். இங்க வந்தா 'உள்ளேன் ஐயா' மட்டும்தான் கேக்குது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பண்ணிலக்கணம் கற்க வந்தேன் என்று ஒரு நாக்காவது சொல்ல வேண்டுமே. இல்லை, தம்பி. இத்தனை மாதங்களாக நான் யாருக்குப் பாடம் நடத்தினேன் என்று எனக்கே ஐயமாகிவிட்டது.

வினோதினி சொன்ன நெறிகளையும் கேளுங்கள். வளர்ந்தவர்கள் காரணத்தோடு வருவார்களாம். அந்தக் காரணத்திலிருந்து தொடங்க வேண்டுமாம். என் பாடத்திட்டம் 'அ'விலிருந்து தொடங்குகிறது. அவர்கள் காரணத்திலிருந்து தொடங்கினால் ஆளுக்கு ஒரு தொடக்கம் ஆகிவிடாதா? அடுத்து, அவர்கள் வெறுங்கையோடு வருவதில்லையாம். வாழ்ந்த வாழ்வைச் சுமந்துகொண்டு வருகிறார்களாம். அதன்மேல்தான் கட்ட வேண்டுமாம். பழைய சுவரின்மேல் மாடி கட்டினால் என்ன ஆகும் என்று சிமெண்டு வியாபாரியையே கேளுங்கள் என்றேன். ஆவுடையப்பன் எழுந்து, "சுவரு நல்ல சுவரா இருந்தா தாராளமாக் கட்டலாம் சார்வாள்" என்றார். கேட்டிருக்கக் கூடாது.

வெட்கப்பட வைத்தால் வளர்ந்தவர் மனம் பூட்டிக்கொள்ளுமாம். இதைச் சொல்லும்போது அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

பிறகு ஒரு விளையாட்டு. ஒருவர் தமக்குத் தெரிந்ததை அருகில் இருப்பவருக்குக் கற்றுத்தர வேண்டும். தங்கபுஷ்பம் எனக்கு நாடி பார்க்கக் கற்றுத்தருகிறேன் என்றார்.

"முதலில் நாடி என்பதன் வரையறை என்ன?" என்றேன்.

"விரலக் குடுங்க சார்வாள். வரையறை எங்கயும் ஓடிராது."

என் விரல்களைப் பிடித்து ஆவுடையப்பன் மணிக்கட்டில் வைத்தார். "அழுத்தாதிய. பூவத் தொடுத மாதிரித் தொடுங்க. இப்பக் கேளுங்க." கேட்டது. துடித்துக்கொண்டிருந்தது. விரைவாகத்தான் துடித்தது. ஏன் இவ்வளவு வேகம் என்று அவரையே கேட்டேன். "பங்குனி வந்துட்டு இருக்குல்லா சார்வாள்" என்றார். எனினும், வரையறை இல்லாமல் கிடைத்ததை அறிவு என்று நான் ஏற்கமாட்டேன். தங்கபுஷ்பத்துக்குக் கற்பிக்கத் தெரியவில்லை என்றே என் மதிப்பீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

ஆவுடையப்பன் முறை வந்தபோது, "எனக்குக் கத்துக்குடுக்க ஒண்ணும் தெரியாது. ஒரு மெட்டு தெரியும்" என்று சொல்லி என்னைப் பார்த்தார். வினோதினி, "பாடுங்க" என்றார். என் வகுப்பில், என் கண்ணெதிரே, அந்தத் தாலாட்டை முழுமையாக முனகினார். வழக்கறிஞர் நிமிர்ந்தார்: "வே, இது எங்க பள்ளிக்கூடத்துல பிரேயர்ல பாடுனதுல்லா? மெட்டுதான் வேற. முதல் வரி எனக்குத் தெரியும்." தங்கபுஷ்பத்துக்குப் பாதி வரி நினைவிருந்தது, எதிரே இருந்த ஒருவருக்கு மீதிப் பாதி. கிழிந்த துணிக்கு ஆளுக்கொரு நூல் போட்டது போல, முதல் பாட்டு உருவாகிவிட்டது. ஆவுடையப்பன் ஒவ்வொரு சொல்லாக வாயில் வைத்துப் பார்த்தார். கோமதி விழுங்கிய சொல் இதுதானா என்று தமக்குத்தாமே தலையசைத்தார்.

இரண்டாம் பாட்டில் நின்றுவிட்டார்கள். வினோதினி என் பக்கம் திரும்பி, "ஐயா, உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே" என்றார்.

"தெரியும். மூன்றாம் ஆண்டில்."

அவர் தம் தாளில் எதையோ எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஞாயிறு வகுப்பில் ஒரு மாற்றம் கண்டேன். வருவார்கள், எழுவார்கள், உள்ளேன் ஐயா என்பார்கள். ஆனால் முகத்தில் ஒரு களை. பாடம் கேட்பவர் முகத்தில் அப்படி ஒரு களை இருக்கக் கூடாது. எங்கேயோ வேறு வரும்படி இருக்கிறது என்று பொருள். விசாரித்தேன். புதன்கிழமை மாலைகளில் ஆவுடையப்பனுடைய சிமெண்டுக் கிடங்கில் கூடுகிறார்களாம். பதிகத்தைச் சிமெண்டுக் கிடங்கில். கேட்டதும் என் உடம்பு கூசிற்று.

நேரில் பார்க்கப் போனேன். உள்ளே போகவில்லை, வெளியே அடுக்கியிருந்த மூட்டைகளுக்குப் பின்னால் நின்றேன். உள்ளே வட்டம். நடுவில் தேநீர்ப் பாத்திரம். தங்கபுஷ்பம் தம் ஓய்வூதியத் தோழிகளிடம் எல்லாம் கேட்டுக் கேட்டு மீதிப் பாட்டுகளையும் சேர்த்துவிட்டார். ஆவுடையப்பன் தவறினார். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். திரும்பப் பாடினார். மறுபடி தவறினார். "விடுங்க அண்ணாச்சி, கோமதி மதினி எப்படிக் கோலப்பொடியக் கையில எடுப்பாங்களோ அத நெனச்சிக்கிட்டே பாடுங்க" என்றார் தங்கபுஷ்பம். இதுவா கற்பிக்கும் முறை? கோலப்பொடிக்கும் பண்ணுக்கும் என்ன தொடர்பு? பாடினார். சரியாக வந்தது. பிழையாகச் சரியாக வந்தது.

சான்று திரட்ட வேண்டும் என்பதற்காக அடுத்த புதனும் போனேன். அதற்கடுத்த புதனும். ஒருநாள் காலம் தப்பிய மழை. மூட்டைகள்மேல் போர்த்திய தார்ப்பாயின் ஓரத்தைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, பதிகம் முடியும்வரை நின்றேன். வீட்டுக்கு வந்தபோது வேட்டியெல்லாம் சிமெண்டுக் கறை. எங்கே போனீர்கள் என்று மனைவி கேட்டாள். கண்காணிப்புக்கு என்றேன். "உள்ள போய் உக்காந்திருந்தா நனைஞ்சிருக்க வேண்டாம்லா" என்றாள். கண்காணிப்பு என்னவென்று அவளுக்கு எப்படித் தெரியும்?

பங்குனி வந்தது. திதியன்று மாலை கோயிலில் மோட்ச தீபம் ஏற்றினார்கள். வகுப்பு முழுவதும் வந்திருந்தது. முதல் வாரத்தோடு நின்றுபோன பொறியாளர்கூட ஒரு நாற்காலியோடு வந்திருந்தார். கோயில் ஓதுவார் தாளத்தோடு ஓரமாக நின்றார். நானும் போனேன், ஆசிரியர் என்ற முறையில்.

ஆவுடையப்பன் தீபத்துக்கு முன் நின்று தொடங்கினார். சொற்கள் எல்லாம் இருந்தன. ஒன்றுகூட விழுங்கவில்லை, அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் இரண்டாம் பாட்டில் ஏற வேண்டிய இடத்தில், அதே தாலாட்டு வழக்கப்படி, இறங்கினார். இறைவன் திருமுன். என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்தேன்.

"நிறுத்துங்கள். பண் பிழை."

நிறுத்தினார். ஓதுவார் கையில் தாளம் அந்தரத்தில் நின்றது. ஆவுடையப்பன் திரும்பினார், கன்னம் நனைந்திருந்தது.

"சார்வாள், இது பரீட்சை இல்ல. கோமதிக்குச் சொல்லிட்டு இருக்கேன். கொஞ்சம் உக்காருங்க."

"பிழையை இறைவன் திருமுன் எப்படி அனுமதிப்பது?" என்றேன்.

தங்கபுஷ்பம் அமைதியாகச் சொன்னார்: "சாமி எந்திரிச்சு நிக்கலியே சார்வாள். நீங்க ஏன் நிக்கிய?"

இதற்கு மறுமொழி உண்டு. பலவாறாக உண்டு. வீட்டுக்கு வந்த பிறகு நினைவுக்கு வந்தன.

ஆவுடையப்பன் தீபத்தைப் பார்த்துத் திரும்பி, விட்ட இடத்தில் தொடராமல், முதல் அடியிலிருந்து மறுபடியும் தொடங்கினார். இந்த முறை எல்லாரும் கூடப் பாடினார்கள். அந்த இடம் வந்தபோது, வழக்கறிஞர், பொறியாளர், தங்கபுஷ்பம், அத்தனை பேரும் சேர்ந்து இறங்கினார்கள். ஒருவர் செய்தால் பிழை. ஊரே சேர்ந்து செய்தால் அதற்குப் பெயர் என்ன, தம்பி? முடிவில் ஓதுவாரைத் தனியாக அழைத்து, நீங்களாவது தடுத்திருக்க வேண்டாமா என்று கேட்டேன். "இறங்குத இடம் நல்லா இருந்துது ஐயா. நானும் படிச்சுக்கிட்டேன்" என்றார். அவர்மேல் தனி மனு.

அடுத்த ஞாயிறு மண்டபத்தில் மணி அடித்தேன். பெயர்களை அழைத்தேன். தூண்கள் இருந்தன. முழுப் பதிவேட்டையும் அழைத்து முடித்தேன், முறை கெடக் கூடாதல்லவா.

ஒரு வாரம் கழித்து ஆவுடையப்பன் என் வீட்டுக்கே வந்தார். கோபம் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குச் சங்கடம். வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் கொண்டுவந்திருந்தார்.

"சார்வாள், புதன்கெழம வாங்க. ஆளுக்கொரு பாட்டு கேக்காங்க. ஒருத்தருக்கு அப்பா பாடினது, ஒருத்தருக்கு மாமியா பாடினது. மெட்டு எல்லாங் கெடக்கு. வார்த்தை உங்ககிட்டல்லா இருக்கு. வந்து எங்ககூட உக்காருங்க."

உட்காருவதாம். வட்டத்தில். தேநீர்ப் பாத்திரத்தைச் சுற்றி. நான் எழுந்து உள்ளே போய்ப் பதிவேட்டைக் கொண்டுவந்தேன். "முதலில், வராத ஞாயிறுகளுக்கு விடுப்புக் கடிதம் எங்கே?" என்றேன். அவர் பதிவேட்டை ஒருமுறை பார்த்தார். பிறகு பழத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் தலைவர் தொலைபேசியில் அழைத்தார்: இனி வகுப்பு புதன்கிழமை மாலை, தங்கபுஷ்பம் அம்மாள் ஒருங்கிணைப்பார், நீங்களும் கலந்துகொண்டால் மகிழ்ச்சி என்று. கலந்துகொண்டால். மகிழ்ச்சி.

அதனால்தான் இந்த மனு.

என்ன கேட்கிறீர்கள்? இரண்டு மெட்டுக்கும் அப்படி என்ன பெரிய வேறுபாடு என்றா? நல்ல கேள்வி. தலைவரும் இதைத்தான் கேட்பார். வாயால் விளக்கி என்ன பயன், அவருக்கும் பாடியே காட்டப்போகிறேன். இப்போது உங்களுக்குக் காட்டுகிறேன். இது முறையான பண். நான் பிள்ளைப் பருவம் முதல் பாடி வருவது. இரண்டாம் பாட்டில் அந்த ஏற்றத்தை மட்டும் கவனியுங்கள்.

ம்.

கேட்டீர்களா? ஏன் சிரிக்கிறீர்கள்? இறங்கினேனா? நானா? பேருந்து பள்ளத்தில் இறங்கியிருக்கும். சேரன்மாதேவிச் சாலை அப்படித்தான். இருங்கள், மறுபடியும்.

என்ன அம்மா? முன்னிருக்கை அம்மாள் என்னவோ சொல்கிறார். "நிறுத்தாதீங்க ஐயா, பிள்ள இப்பத்தான் கண்ண மூடுது" என்கிறார். அம்மா, இது தாலாட்டு அன்று. இது...

இல்லை, தம்பி. நீங்கள் சொன்னது சரி. இறங்கித்தான் விட்டேன். இரண்டு முறையும். கோமதி அம்மாளின் மெட்டு. என் பண் எங்கே போயிற்று? இத்தனை ஆண்டுகள் பாடியது, தேடினால் நாவில் அகப்படவில்லையே. நான் கற்கப் போகவில்லை. வகுப்பில் பெயர் கொடுக்கவில்லை. அமரும் முறை இல்லை, மூச்சு இல்லை, இலக்கணம் இல்லை. மூட்டைக்குப் பின்னால் நின்றேன், அவ்வளவுதான். அதற்குள் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

பேனா வைத்திருக்கிறீர்களா? மனுவில் ஒரு வரி சேர்க்க வேண்டும். என் இசைவு இல்லாமல், எனக்கே பாடம் நடத்திவிட்டார்கள் என்று. இதைவிடப் பெரிய ஒழுங்கீனத்தை அந்தத் தலைவர் கேட்டிருக்கமாட்டார்.

கொடுங்கள். ஓடும் பேருந்தில் எழுத்து கோணும், ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

குழந்தை சிணுங்குகிறது. அந்த அம்மாள் மறுபடியும் திரும்பிப் பார்க்கிறார்.

பேனா உங்களிடமே இருக்கட்டும், தம்பி. பாடத் தொடங்கிய பதிகத்தைப் பாதியில் நிறுத்துவது முறையன்று.